பி 0842 வந்தால் முதலில் என்ன செய்வது?



ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பிரஷர் சென்சார் பழுதைக் கண்டறிவது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று மாணவர்கள் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. அந்தச் சின்னப் பொருளின் பெயரைச் சொல்லி நல்ல கியர்பாக்ஸ்களைக் கீழே இறக்குகிறார்கள். ஒழுங்காக வேலை செய்யும் கணினிகளைக் கழற்றி மாற்றுகிறார்கள். கடன் வாங்கிக் கார் வாங்கிய ஒரு குடும்பம், ஒரு வருடச் சேமிப்பைப் பட்டறையில் கொடுத்துவிட்டு அதே பழுதோடு வீடு திரும்புகிறது. இதைத் தடுக்க முடியும் என்பதால்தான் வந்திருக்கிறேன்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். வண்டி கியர் மாறும்போது ஜெர்க் அடிக்கிறது, மூன்றாவது கியரிலேயே நின்றுவிடுகிறது என்று கொண்டுவருகிறார்கள். ஸ்கேனரைச் சொருகினால் பி 0842 என்று ஓர் எரர் கோடு வருகிறது. டிரான்ஸ்மிஷன் பிரஷர் சென்சார் என்ற பெயரைத் திரையில் பார்த்ததும் கை போனைத் தேடுகிறது, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஆர்டர் போய்விடுகிறது. ஆனால் சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. அந்த வயரில் கணினிக்கு வந்து சேர்ந்த வோல்டேஜ், வரவேண்டிய எல்லைக்குக் கீழே இருந்தது. அந்தக் கோடு தரும் தகவல் இவ்வளவுதான். வயர் எர்த்தில் உரசியிருக்கலாம், கனெக்டருக்குள் எண்ணெய் புகுந்திருக்கலாம், 5 வோல்ட் சப்ளையே வராமல் இருந்திருக்கலாம். சென்சாரும் கெட்டிருக்கலாம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்சார் காட்டும் அளவை, அந்தச் சென்சாரோடு சம்பந்தமே இல்லாத இன்னோர் அளவால் சரிபார்க்கும்வரை எந்தப் பொருளையும் மாற்றக் கூடாது. மின்சாரத்தை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். எண்ணெயை முள் கேஜால் அளக்க வேண்டும். இரண்டும் நம் பட்டறைகளில் இருக்கின்றன, அல்லது வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. குறைவாக இருப்பது, அவற்றை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம்தான்.

கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதை மாணவர்களுக்காகச் சொல்ல வேண்டும். சாதாரண வண்டியில் கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது நம் கால். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது எண்ணெய். 1939 இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஹைட்ராமேட்டிக் பெட்டியை, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தி வெளியிட்டது. அதில் எந்தக் கியர் என்று தீர்மானிப்பதில் மின்சாரத்துக்கு வேலையே கிடையாது. வண்டியின் வேகத்தை ஒரு கவர்னர் எண்ணெய் அழுத்தமாக மாற்றும். ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்பதை இன்னொரு வால்வு எண்ணெய் அழுத்தமாக மாற்றும். ஒரு வால்வின் இரு முனைகளிலும் இந்த இரண்டு அழுத்தங்களும் மோதும், எது ஓங்குகிறதோ அந்தப் பக்கம் கியர் மாறும். அந்தக் காலத்து மெக்கானிக்குக் கேஜ் ஒன்றுதான் துணை. பிளக்கைக் கழற்றிக் கேஜை மாட்டி முள்ளைப் பார்ப்பார், அதிலிருந்து உள்ளே நடப்பதைப் படிப்பார். அந்தத் திறமையை நாம் கைவிட்டிருக்கவே கூடாது.

பிறகு கணினி வந்தது. இப்போது அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் சாலினாய்டு வால்வுகளுக்கு அது உத்தரவு போடுகிறது. உத்தரவு போட்டால் மட்டும் போதாது, நடந்ததா என்றும் தெரிய வேண்டும். அதைத் தெரிவிக்கத்தான் பிரஷர் சென்சார். பெல்ட்டும் புல்லியும் கொண்ட சிவிடி பெட்டிகளில் இதன் தேவை இன்னும் கடுமையானது. ஹாலந்தின் ஹப் வான் டோர்ன் உருவாக்கிய எஃகுத் தள்ளு-பெல்ட் 1987 இல் சுபாரு ஜஸ்டி காரில் வந்தது. இன்று நம் ஊரில் ஓடும் பல சிவிடிகள் அந்த வழியில் வந்தவைதான். இரண்டு புல்லிகளுக்கு நடுவே அந்த பெல்ட்டைப் பிடித்திருப்பது எண்ணெய் அழுத்தம் மட்டுமே. அது தேவைக்குக் கீழே போனால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் புல்லியின் பளபளப்பான முகம் கீறிப்போகும். அதற்குப் பிறகு செலவு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

சென்சாருக்குள் இருப்பது மெல்லிய ஒரு சவ்வு. எண்ணெய் தள்ளும்போது அது தலைமுடி அளவுக்குக்கூட வளையாது, ஆனால் அதன் மேல் பதித்திருக்கும் மின்தடைகளின் மதிப்பு மாறும். சிலிக்கான் இப்படி அழுத்தத்துக்கு மின்தடையை மாற்றிக்கொள்வதை 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். சென்சாருக்கு மூன்று வயர்கள் இருக்கும். ஒன்றில் கணினி தரும் 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். வழக்கமான அமைப்பில் அழுத்தமே இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட், முழு அளவில் 4.5 வோல்ட். உதாரணமாக 20 பார் வரை அளக்கும் சென்சார் என்றால் 5 பாருக்கு 1.5 வோல்ட், 10 பாருக்கு 2.5 வோல்ட். பார் என்ற அளவு பழகாதவர்களுக்கு: 1 பார் என்பது பதினான்கரை பிஎஸ்ஐ. நல்ல நிலையில் உள்ள சிக்னல் ஒருபோதும் 0 வோல்ட்டிலோ 5 வோல்ட்டிலோ போய் நிற்காது. இரு முனைகளிலும் அரை வோல்ட்டை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள், அங்கே சிக்னல் போனால் மின்கோளாறு என்று கணினி கண்டுகொள்வதற்காக.

கோடுகளின் குடும்பம் இதிலிருந்துதான் வருகிறது. 0840 பொதுவான சர்க்யூட் கோளாறு. 0841 வந்தால் வோல்டேஜ் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் நிலைமைக்குப் பொருந்தவில்லை. 0842 தாழ்வு, 0843 உயர்வு, 0844 விட்டுவிட்டு வருவது. இரண்டாவது சென்சாருக்கு 0845 முதல் 0849 வரை இதே வரிசை. 0868 என்பது வேறு இனம். அது நேராக எண்ணெய் அழுத்தமே குறைவு என்கிறது. 0842 ஐயும் 0868 ஐயும் ஒரே கோளாறாக நினைத்து வேலை தொடங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். முன்னதில் தேட வேண்டியது மின்சாரத்தை, பின்னதில் தேட வேண்டியது எண்ணெயை.

இதைவிட ஆழமான ஒரு பள்ளமும் உண்டு. எல்லாப் பெட்டிகளிலும் மூன்று வயர் சென்சார் இருப்பதில்லை. ஹோண்டாவின் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் இருப்பது பிரஷர் சுவிட்ச். ஒரே வயர்தான். கணினி அந்த வயரில் 5 வோல்ட்டை வைத்துக் காத்திருக்கும். குறிப்பிட்ட கிளட்சுக்கு எண்ணெய் போய் அழுத்தம் ஏறியதும் சுவிட்ச் மூடி, வயரைப் பெட்டியின் உடலோடு எர்த் ஆக்கும், வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கும். அப்படியானால் அங்கே 0842 க்கு என்ன பொருள்? வோல்டேஜ் தாழ்ந்தே இருக்கிறது, அதாவது அழுத்தம் இருக்கக் கூடாத நேரத்திலும் இருப்பதாகச் சுவிட்ச் சொல்கிறது. மூன்று வயர் சென்சார் உள்ள ஒரு சிவிடியில் இதே 0842 வந்தால் பொருள் தலைகீழ்: அழுத்தமே இல்லாததுபோல் வோல்டேஜ் விழுந்துவிட்டது. ஒரே எண், ஒரே விளக்க வரி, எதிரெதிரான இரண்டு செய்திகள். அதனால்தான் கோடு வந்ததும் முதலில் அந்த வண்டியின் வயரிங் படத்தை எடுங்கள் என்கிறேன். இருப்பது சென்சாரா சுவிட்சா, எத்தனை வயர், எந்தப் பின் எது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

சுவிட்ச் உள்ள பெட்டியில் கண்டறிவது எளிது, அழகானதும்கூட. இன்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஸ்கேனரின் நேரடித் தகவலில் அந்தச் சுவிட்ச் ஆன் என்று காட்டினால், கனெக்டரைக் கழற்றுங்கள். உடனே ஆஃப் ஆனால் வயர் நல்லது, சுவிட்ச்தான் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிய பிறகும் ஆன் என்றே நின்றால் சுவிட்சுக்குக் குற்றமில்லை, வயர் வழியில் எங்கேயோ உலோகத்தில் உரசுகிறது. கனெக்டரை மாட்டியிருக்கும் சிறு கம்பி வளைவைத் தள்ளி எடுக்கும் நேரத்தில் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

வாடிக்கையாளர் சொல்லும் அறிகுறியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையும் இங்கே பேசிவிட வேண்டும். ஜெர்க் அடிக்கிறது என்கிறார். ஜெர்க்கைக் கேட்டதும் கிளட்ச் போய்விட்டது என்று முடிவு செய்பவர்கள் உண்டு. சென்சாரை நம்ப முடியாதபோது கணினி என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கிளட்ச் வழுக்கி எரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல பெட்டிகளில் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும். மென்மையாகச் சேரவேண்டிய கிளட்ச் முழு அழுத்தத்தில் மோதிச் சேரும். சில வண்டிகள் ஒரே கியரில் நின்றுகொள்ளும், அதைத்தான் லிம்ப் மோட் என்கிறோம். ஆக வாடிக்கையாளர் உணர்வது பெட்டியைக் காப்பாற்றக் கணினி எடுத்த நடவடிக்கையை. கோளாறு அதற்கு முன்னால், வேறோர் இடத்தில் நடந்திருக்கிறது. அதனால் ஜெர்க் எப்போது தொடங்கியது, மழையில் ஓட்டிய பிறகா, வண்டியை வேறு வேலைக்கு விட்டு எடுத்த பிறகா, எண்ணெய் மாற்றிய பிறகா என்று கேளுங்கள். பேட்டரி மாற்றினார்களா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு ஸ்கேனரில் பதில் கிடையாது.

இனி வேலையின் வரிசை. கோடுகளை அழிப்பதற்கு முன் எழுதிவையுங்கள். கோடு விழுந்த கணத்தில் வேகம், வெப்பம், இன்ஜின் சுழற்சி எல்லாம் எவ்வளவு என்று கணினி பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் தன் தேய்மானத்துக்கு ஏற்பக் கற்றுவைத்த அளவுகளும் சேர்ந்து போய்விடும். கூடவே இன்ஜின் பக்கத்துக் கோடுகளையும் பாருங்கள். 0641, 0642, 0651 போன்றவை இருந்தால் 5 வோல்ட் சப்ளையிலேயே கோளாறு. பல சென்சார்களுக்கு ஒரே சப்ளை போகிறது. எங்கோ மூலையில் ஏசி பிரஷர் சென்சார் ஒன்று ஷார்ட் ஆகி, கியர்பாக்ஸ் சென்சாரை ஊமையாக்கிவிட முடியும். ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான்.

அடுத்து எண்ணெய். இதில் நான் கண்டிப்பானவன். எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் மணத்தையும் பார்க்காமல் மின்சாரத்துக்குப் போவதை நான் ஏற்பதில்லை. மட்டம் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அதிகமானால் சுழலும் பாகங்கள் எண்ணெயை நுரைக்க அடிக்கும், இரண்டிலும் அழுத்தம் தள்ளாடும். எப்படிப் பார்ப்பது என்பது வண்டிக்கு வண்டி வேறு. பல கார்களில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், ஹோண்டாவில் இன்ஜினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். இப்போது வரும் பல பெட்டிகளில் அளவுக்குச்சியே கிடையாது. எண்ணெய் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில், சில பெட்டிகளில் 35 முதல் 45 டிகிரிக்குள், இருக்கும்போது அடியில் உள்ள பிளக்கைத் திறந்து வழிகிறதா என்று பார்க்க வேண்டும். சூடான பெட்டியில் இதைச் செய்து, விரிந்த எண்ணெய் வழிந்து ஓடுவதைப் பார்த்து மட்டம் சரி என்று மூடிவிடுகிறார்கள். பெட்டி குளிர்ந்ததும் அதில் எண்ணெய் பற்றாமல் போகும். சிவிடிக்கு, சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஏடிஎஃப் எண்ணெயை ஊற்றுவது அதைவிடப் பெரிய கேடு. எஃகும் எஃகும் பற்றிக்கொள்ளும் தன்மை அந்தத் தனி எண்ணெயில்தான் இருக்கிறது.

மின்சாரத்துக்கு வருவோம். கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள், வளைந்திருக்கிறதா, பச்சை பிடித்திருக்கிறதா, எண்ணெய் ஈரம் இருக்கிறதா. சாவியை ஆன் செய்து சப்ளை பின்னில் 5 வோல்ட் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு ஃபியூஸ் போட்ட ஒரு ஜம்பர் வயரால் 5 வோல்ட் பின்னையும் சிக்னல் பின்னையும் கனெக்டர் பக்கத்தில் இணையுங்கள். ஸ்கேனரில் அளவு உச்சத்துக்கு ஏறினால் வயரும் கணினியும் நல்லவை, சந்தேகம் சென்சாரிடம் வருகிறது. ஏறாவிட்டால் சென்சாரைத் தொடவே வேண்டாம், வயரைத் தேடுங்கள்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தக் கோடும் விழாமல் பெட்டியைக் கொல்லக்கூடியது அதுதான். ஓம் மீட்டரில் பார்த்தால் எர்த் வயர் நன்றாக இருப்பதாகவே காட்டும். இணைப்புகள் எல்லாம் மாட்டியிருக்க, இன்ஜின் ஓட, சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே வோல்டேஜ் அளக்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். 0.4 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்று முன் சொன்ன அதே 20 பார் சென்சாரில் கணக்குப் போடுவோம். உள்ளே உண்மையில் 5 பார் இருக்கும்போது கணினிக்கு 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக ஏறக்குறைய 1.78 வோல்ட் போகும், கணினி அதை 6.4 பார் என்று படிக்கும். தேவைக்கு மேல் இருக்கிறதே என்று அது அழுத்தத்தைக் குறைக்கும். திரையில் 5 பார் என்று வந்து நிற்கும்போது உள்ளே இருப்பது மூன்றரை பார். ஸ்கேனரில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், வோல்டேஜ் எல்லைக்குள் இருப்பதால் கோடு வராது, கிளட்ச் மட்டும் நாளுக்கு நாள் வழுக்கித் தேய்ந்துகொண்டிருக்கும். புதுச் சென்சார் போட்டாலும் அந்தப் பொய் அப்படியே தொடரும், பொய் சொல்வது சென்சார் அல்லவே. பெட்டியை இறக்கிப் புதுக் கிளட்ச் தட்டுகள் போட்டு ஏற்றினால், அவையும் சில மாதங்களில் அதே வழியில் போகும்.

இதைப் பிடிக்க ஒரே வழி முள் கேஜ். பெட்டியின் உடலில் டெஸ்ட் போர்ட் என்று ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி, அந்த மரைக்குப் பொருந்தும் அடாப்டரோடு கேஜைக் கட்டுங்கள். டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகளுக்கு 300 பிஎஸ்ஐ கேஜ் பெரும்பாலும் போதும். சிவிடிக்கு அது போதவே போதாது. சில சிவிடிகளில் ஐடிலில் 7, 8 பார் இருக்கும் அழுத்தம், பிரேக்கை மிதித்துக்கொண்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும் ஸ்டால் சோதனையில் 55 பாரைத் தாண்டும். சின்ன கேஜைக் கட்டினால் வெடிக்கும். சூடான எண்ணெய் அந்த வேகத்தில் வெளியே வந்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையை இழக்க நேரிடலாம். கண்ணாடி போடுங்கள், சக்கரங்களுக்கு கட்டை வையுங்கள், முன்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். ஸ்டாலில் ஐந்து விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், வைத்த பிறகு நியூட்ரலில் ஒரு நிமிடமாவது ஐடிலில் ஓடவிட்டு எண்ணெயை ஆற்றுங்கள். மாணவர்கள் ஆசிரியர் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

கேஜையும் ஸ்கேனரையும் அருகருகே வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒன்றாகக் குறைவாகக் காட்டினால் சென்சார் உண்மை பேசுகிறது. பம்ப், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர் வால்வு, உள் சீல்கள் என்று எண்ணெயின் வழியில் தேடுங்கள். கேஜ் சரியாகவும் ஸ்கேனர் தவறாகவும் காட்டினால் சென்சாரும் அதன் வயர்களும்தான் விசாரிக்கப்பட வேண்டியவை. கேஜில் குறைவு, ஸ்கேனரில் சரி என்று வந்தால், சற்று முன் சொன்ன எர்த் கோளாறை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மை பேசும் சென்சார் எப்படிப் பழி சுமக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு, ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிக்யூ200 பெட்டி. 2008 இல் வந்த, ஏழு கியர் உள்ள, உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டி. இந்தியாவில் 2013 இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருந்தது. இப்போது டைகுன், குஷாக், விர்ட்டஸ், ஸ்லேவியா கார்களின் 1.5 லிட்டர் வகைகளிலும் அந்தக் குடும்பத்துப் பெட்டிதான். இதில் கியர்களை நகர்த்தவும் கிளட்சைத் தள்ளவும் மெக்கட்ரானிக் என்ற ஒரு தொகுதி இருக்கிறது. வால்வுகள், கணினி, சென்சார்கள், மின் பம்ப் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அதற்குத் தனியாகச் சுமார் 1 லிட்டர் எண்ணெய். பம்ப் ஓயாமல் ஓடாது. பிரஷர் சென்சார் சொல்வதைக் கேட்டு, சுமார் 40 பாருக்கு இறங்கியதும் ஓடத் தொடங்கி 60 பார் ஆனதும் நிற்கும். நடுவில் அழுத்தத்தைத் தாங்கி வைத்திருப்பது அக்யூமுலேட்டர் என்ற சேமிகலன். அதில் ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் இறுக்கி அடைத்த வாயு.

அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக் குழாய்க்கு வைத்திருக்கும் பிரஷர் பம்பை நினைத்துக்கொண்டால் இது முழுவதும் புரிந்துவிடும். அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன டாங்கில் காற்றுப் பை நன்றாக இருக்கும்வரை, குழாயைக் கொஞ்சம் திறந்தாலும் மோட்டார் சும்மா இருக்கும். பை கிழிந்துவிட்டால் சொட்டுத் தண்ணீருக்கும் மோட்டார் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி உயிரை விடும்.

டிக்யூ200இல் நடப்பதும் அதுவே. சேமிகலனின் வாயு கசிந்தாலோ, சேமிகலன் திருகப்பட்டிருக்கும் அலுமினிய உடலில் விரிசல் விழுந்தாலோ அழுத்தம் நிற்காது. பம்ப் திரும்பத் திரும்ப ஓடும். ஒரு கட்டத்தில் மோட்டார் எரியாமல் காக்கக் கணினி அதை நிறுத்திவிடும். பி 17பிஎஃப் அல்லது பி 189சி விழும். வண்டி போக்குவரத்தின் நடுவே கியர் இல்லாமல் நிற்கும். இதைப் பார்த்துப் பிரஷர் சென்சார் என்பவர்கள் உண்டு, முழு மெக்கட்ரானிக்கையும் மாற்ற லட்சத்துக்கு மேல் ஆகும் என்பவர்கள் உண்டு. சென்சாரின் சிக்னலே போயிருந்தால் பம்ப் நிற்காமல் ஓடும்படிதான் அந்தப் பெட்டியை அமைத்திருக்கிறார்கள். எனவே போட்டு நிறுத்தும் பம்ப், சென்சார் உயிரோடு இருப்பதற்கே அடையாளம். சரியான ஸ்கேனரில் அழுத்தத்தையும் பம்ப் ஓடுவதையும் ஒரே வரைபடமாக ஓடவிடுங்கள். கியர் மாற்றாமல் சும்மா நிற்கும்போது 60 பாரிலிருந்து அழுத்தம் எவ்வளவு சீக்கிரம் சரிகிறது, எத்தனை தடவை பம்ப் எழுகிறது என்று பாருங்கள். செங்குத்தாக விழுந்து பம்ப் அடிக்கடி எழுந்தால் சேமிகலனையும் அதன் இருக்கையையும் பாருங்கள். சேமிகலனை மட்டும் மாற்றவும், விரிசல் விழுந்த உடலை மட்டும் மாற்றவும் இன்று வழி இருக்கிறது. லட்சத்துக்கும் சில ஆயிரங்களுக்கும் உள்ள வித்தியாசம், அந்த ஒரு வரைபடத்தைப் பொறுமையாகப் பார்ப்பதில் இருக்கிறது.

இதே பெட்டியில் 2013 இல் வேறொரு பாடமும் கிடைத்தது. அந்த மார்ச்சில் சீனாவில் 3,84,181 கார்கள், டிஎஸ்ஜி எனப்படும் இரட்டைக் கிளட்ச் பெட்டியின் கோளாறுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. நவம்பரில் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களில் கியர் எண்ணெயை செயற்கை வகையிலிருந்து மினரல் வகைக்கு மாற்றச் சொன்னார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில், அந்தச் செயற்கை எண்ணெயால் பெட்டியின் மின்சப்ளையில் கோளாறு வரக்கூடும் என்பது காரணம். எண்ணெயின் தேர்வு மின்கோளாறாக முடிந்தது. சென்னையின் வெயிலும் கத்திப்பாரா நெரிசலும் தெரிந்த நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

எண்ணெய் வயருக்குள் ஏறுவதையும் சொல்லியாக வேண்டும். மெர்சிடிஸின் 722.6 பெட்டியில் கனெக்டரின் ரப்பர் வளையம் தளர்ந்தால், எண்ணெய் வயரின் செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து மேலே கணினி வரைக்கும் போய்விடும். பானெட்டுக்குக் கீழே ஒரு சொட்டுகூடத் தெரியாது. கணினிப் பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி விரலால் தடவிப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். 0844 போல விட்டுவிட்டு வரும் கோடுகளில் இப்படித்தான் தேட வேண்டும்: இன்ஜின் ஓட, ஸ்கேனரில் அளவைப் பார்த்துக்கொண்டே ஒருவர் இருக்க, இன்னொருவர் ஹார்னஸை அங்குலம் அங்குலமாக அசைத்து வரவேண்டும். ஒரு கிளாம்புக்கு அடியில் உறை தேய்ந்து, மேட்டில் ஏறும்போது மட்டும் இன்ஜின் சாய்ந்து வயர் உரசிய வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. வருவதற்கு முன்பே வேறு இடங்களில் அதற்குப் புதுச் சென்சார்கள் மாற்றியிருந்தார்கள். கிளாம்பை நகர்த்தி உறை சுற்றியதோடு சரியாகிவிட்டது. சென்சார்களுக்குக் கொடுத்த பணம் அந்த மனிதருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் வயரிங் படம் எங்கே கிடைக்கும், அழுத்த அளவுகளின் பட்டியல் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கோபம் அதில் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு விற்கும் புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளோடு நின்றுவிடும், கியர்பாக்ஸ் கணினியின் அழுத்தத் தகவலுக்குள் போகாது. உள்ளே போகும் கருவி விலை அதிகம், அல்லது கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும் இருக்கிறது. உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டு, 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது, அதில் வாகனத் துறையும் இருக்கிறது. கேட்பவர் இல்லாவிட்டால் இவை காகிதத்திலேயே இருக்கும். தனித்தனியாகக் கேட்காமல் சங்கமாக, எழுத்தில், வண்டியின் மாடலைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பல பட்டறைகள் சேர்ந்து நல்ல ஸ்கேனர் ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வதும் நடக்கக்கூடிய காரியம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழுது பார்த்து முடித்த வண்டியின் பில்லில் பார்ட்ஸ் விலையும் கூலியும் மட்டும் எழுதாதீர்கள். சப்ளை வோல்டேஜ் இவ்வளவு, எர்த் இழப்பு இவ்வளவு, ஐடிலில் கேஜ் காட்டியது இவ்வளவு, ஸ்கேனர் காட்டியது இவ்வளவு, எண்ணெய் வெப்பம் இவ்வளவு என்று நான்கைந்து வரிகள் சேர்த்து எழுதுங்கள். கழற்றிய சென்சாரையும் வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். அடுத்த வருடம் அதே வண்டி வேறு ஊரில் நின்றாலும், அங்கே பார்க்கும் மெக்கானிக்குக் கணக்கைத் தொடங்க ஓர் எண் இருக்கும்.

இந்தக் கல்லூரியின் ஆட்டோமொபைல் பட்டறையில் ஒரு வண்டிக்குக் கேஜும் ஸ்கேனரும் மாட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். சென்சாரின் எர்த் வயரில் வேண்டுமென்றே ஒரு சிறு மின்தடையைச் சேர்த்திருக்கிறோம், திரைக்கும் முள்ளுக்கும் எவ்வளவு தூரம் விலகுகிறது என்று நீங்களே அளக்கலாம். மல்டிமீட்டர் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள், கேள்விகளை இன்ஜின் பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம்.